ஆசிரியருக்கு யார் மதிப்பெண் இடுவது?



மாணவனுக்கு ஆசிரியர் மதிப்பெண் இடுவது காலங்காலமாக நாம் அறிந்த வழக்கம். ஆசிரியருக்கு மாணவன் மதிப்பெண் இடலாமா? இவ்வினாவைக் கேட்டதும் நம் இல்லத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். 'எழுத்தறிவித்தவரையே எடைபோடுவதா?' என்பார்கள். இளையவர்களோ, 'கட்டணம் செலுத்துவது நாங்கள். வகுப்பில் அமர்வது நாங்கள். பாடம் விளங்கியதா இல்லையா என்பதை நாங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?' என்று கேட்பார்கள். இரு சாரார் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது எளிதில் தீர்ந்துவிடக்கூடிய வழக்காக இல்லை.

இணையத்தின் வருகைக்குப் பின்னர் இது வெறும் பட்டிமன்றப் பொருளாகவும் இல்லை. ஒரு கைப்பேசியும் இரண்டு நிமிட ஓய்வும் இருந்தால் போதும். ஓர் ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு, அவருக்கு ஐந்துக்கு ஒன்று என மதிப்பெண் இட்டு, அதன்கீழ் நான்கு வரிகள் எழுதி, உலகமே படிக்கும்படி வைத்துவிடலாம். எழுதியவரின் பெயர் அங்கே இராது. எழுதப்பட்டவரின் பெயரோ பல்லாண்டுகள் அங்கேயே நிற்கும். நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே கூரையின்கீழ் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையும் இருக்கிறான். பள்ளியிலோ கல்லூரியிலோ கற்பிக்கும் மகளோ மருமகளோ இருக்கிறார். எனவே இவ்வழக்கில் நாம் வாதியாகவும் பிரதிவாதியாகவும் ஒருங்கே நிற்கிறோம். சற்று நிதானமாகவே இதனைச் சிந்திப்போம்.

படிவம் சந்திக்கு வந்த கதை

ஆசிரியரை மாணவர் மதிப்பிடுவது இக்காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில், 13, 14ஆம் நூற்றாண்டுகளில், மாணவர் சங்கங்களே தமக்கு வேண்டிய ஆசிரியர்களை அமர்த்திக்கொண்டன. நேரந்தவறி வந்த ஆசிரியர்க்கும், குறித்த காலத்தில் பாடத்தை முடிக்காத ஆசிரியர்க்கும் அச்சங்கங்கள் அபராதம் விதித்தன. அதிகாரம் மாணவர் பக்கம் முழுமையாகச் சாய்ந்திருந்த காலம் அது.

நம் காலத்தில் நாம் காணும் கருத்துப் படிவத்தின் தொடக்கம் 1920களில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே உளவியல் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ரெம்மர்ஸ் என்பவர், மாணவர் கருத்தை அளவிடும் படிவம் ஒன்றை வகுத்தார். பின்னாளில் அதைப் போன்ற படிவங்கள் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் பரவின. படிவத்தை நிரப்பியவர் மாணவர். படித்தவர் ஆசிரியரும் துறைத் தலைவரும். நான்கு சுவர்களுக்குள் நடந்த விஷயம் நான்கு சுவர்களுக்குள்ளேயே இருந்தது.

1999ஆம் ஆண்டு அச்சுவர்கள் விழுந்தன. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜான் ஸ்வாப்சின்ஸ்கி என்ற மென்பொருள் பொறியாளர், எவரும் எந்தப் பேராசிரியருக்கும் மதிப்பெண் இடக்கூடிய இணையதளம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'ரேட் மை புரொஃபசர்ஸ்' என்று பெயர் பெற்றது. எழுதுபவர் அவ்வகுப்பில் உண்மையிலேயே அமர்ந்தவர்தாமா என்று சரிபார்க்க அங்கே வழியில்லை. கற்பிக்கும் திறனுக்கு மதிப்பெண், பாடத்தின் கடினத்துக்கு மதிப்பெண் என்பவற்றோடு, ஆசிரியரின் உடலழகைக் குறிக்க ஒரு மிளகாய்ச் சின்னமும் அங்கே இருந்தது! பேராசிரியைகள் பலர் எதிர்ப்புத் தெரிவித்த பின், 2018ஆம் ஆண்டில்தான் அச்சின்னம் நீக்கப்பட்டது. அறிவைப் போதிக்க வந்தவர் ஒருவரை அழகுக்காக எடைபோடும் வழக்கம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீடித்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இரு நாடுகள், இரு தீர்ப்புகள்

இவ்வகைத் தளங்கள் ஐரோப்பாவுக்கு வந்தபோது வழக்கு நீதிமன்றம் ஏறியது. அண்டை நாடுகளான பிரான்சும் ஜெர்மனியும் ஒரே கேள்விக்கு நேர்மாறான விடைகளை அளித்தன.

பிரான்சில் 2008 ஜனவரி மாத இறுதியில் 'நோட் டு பி' என்ற தளம் தொடங்கப்பட்டது. பள்ளி ஆசிரியர்களின் பெயர்களைக் குறிப்பிட்டு மாணவர்கள் மதிப்பெண் இடலாயினர். ஆசிரியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. அடுத்த மார்ச் மாதத்திலேயே, ஆசிரியர் பெயர்கள் அத்தளத்தில் இடம்பெறலாகாது என்று பாரிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. தனிமனிதர் விவரங்களைக் காக்கும் அந்நாட்டு ஆணையமும் அதே மாதத்தில் அத்தளத்துக்கு எதிராகக் கருத்துரைத்தது. ஜூன் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வுத்தரவை உறுதி செய்தது.

ஜெர்மனியில் 2007ஆம் ஆண்டு 'ஸ்பிக்மிச்' என்ற தளம் தொடங்கப்பட்டது. அந்நாட்டுப் பள்ளிகளில் மதிப்பெண் 1 என்றால் மிகச் சிறப்பு. 6 என்றால் மிக மோசம். அதே அளவுகோலைக் கொண்டு மாணவர்கள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் இட்டனர். 'பாடம் நன்றாக நடத்துகிறாரா, தேர்வில் நியாயமாக நடக்கிறாரா' என்ற வினாக்களோடு, 'வேடிக்கையாகப் பேசுகிறாரா' என்ற வினாவும் அதில் இருந்தது. ஓர் ஆசிரியைக்கு 4.3 என்ற மதிப்பெண் கிடைத்தது. அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்களில் தோற்று, நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் வரை சென்றார். 2009 ஜூன் 23 அன்று அங்கும் தோற்றார். மாணவர் இடும் மதிப்பெண் ஒரு கருத்து. அது ஆசிரியரின் தனி வாழ்வைப் பற்றியதன்று, தொழிலைப் பற்றியது. பதிவு செய்துகொண்டவர் மட்டுமே அதைக் காண முடிகிறது. ஆகவே கருத்துரிமை மேலோங்குகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றமும் ஆசிரியையின் முறையீட்டை ஏற்கவில்லை. வழக்கில் வென்ற அத்தளம் 2014இல் மூடப்பட்டுவிட்டது என்பது வேறு செய்தி.

எந்தத் தீர்ப்பு சரி என்று நாம் இங்கே பஞ்சாயத்து செய்ய வரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. ஜெர்மானிய நீதிபதிகள் மாணவரின் வாயை அடைக்கக்கூடாது என்று கவலைப்பட்டனர். பிரெஞ்சு நீதிபதிகள் ஆசிரியரின் பெயர் ஊரெங்கும் இழுபடக்கூடாது என்று கவலைப்பட்டனர். இவை இரண்டும் இருவேறு கவலைகள். ஒன்றைத் தீர்க்க மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்ற கட்டாயம் உண்மையில் இருக்கிறதா? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நட்சத்திரம் எதை அளக்கிறது?

அதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும். மாணவர் இடும் மதிப்பெண் உண்மையில் கற்பிக்கும் திறனைத்தான் அளக்கிறதா?

1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சோதனை நடைபெற்றது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நடிகரைப் பிடித்து, 'இவர் டாக்டர் ஃபாக்ஸ், கணிதத்தை மனித நடத்தைக்குப் பயன்படுத்துவதில் வல்லுநர்' என்று அறிமுகப்படுத்தி மேடையேற்றினர். அவருக்கு அத்துறையில் எதுவும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகவும், பொருளற்றும், ஆனால் மிகுந்த உற்சாகத்தோடும் நகைச்சுவையோடும் அவர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிறுபிள்ளைகள் அல்லர். மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் ஆவர். உரை முடிந்ததும் அவர்கள் அவருக்கு நல்ல மதிப்பெண்களையே அளித்தனர். 1973இல் இச்சோதனை வெளியானபோது கல்வியுலகம் திடுக்கிட்டது. படித்தவர்களே பேச்சுச் சாதுரியத்தில் மயங்கினர் என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளையை நாம் குறை கூறுவதெப்படி?

2010ஆம் ஆண்டு ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் செய்த ஆய்வு இதைவிட ஆழமானது. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் பயில்வார் என்பதை நிர்வாகமே சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்கிறது. தேர்வும் எல்லாருக்கும் ஒன்றே. எனவே ஒப்பிட்டுப் பார்க்க அது ஏற்ற இடம். முதற்பருவத்தில் தம் மாணவருக்கு நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்த ஆசிரியர்கள் மாணவரிடம் நல்ல பாராட்டும் பெற்றனர். ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த பாடங்களுக்குச் சென்றபோது, மற்றவர்களைவிடப் பின்தங்கினர். தொடக்கத்தில் கண்டிப்பாக, ஆழமாகக் கற்பித்தவர்கள் குறைவான பாராட்டைப் பெற்றனர்; அவர்களின் மாணவர்களோ பின்னர் முன்னேறினர். நம் வீடுகளிலும் இதனைக் கண்டிருப்போம். பள்ளி நாள்களில் நாம் வெறுத்த கணக்கு வாத்தியாரைப் பத்தாண்டுகள் கழித்து நன்றியோடு நினைக்கிறோம். பருவத்தின் முடிவில் கேட்கப்படும் கருத்து, பத்தாண்டு கழித்து வரும் அந்நன்றியை எப்படி அறியும்?

மூன்றாவது ஆய்வு நம் பெண்மக்களைப் பற்றியது. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இணையவழியே நடந்த ஒரு வகுப்பு அது. பயின்றவர்கள் 43 பேர். பயிற்றுநர் இருவர், ஒருவர் ஆண், ஒருவர் பெண். இருவரும் தத்தம் குழு ஒன்றுக்குச் சொந்தப் பெயரிலும், மற்றொரு குழுவுக்கு எதிர்ப்பாலரின் பெயரிலும் கற்பித்தனர். முகம் தெரியாததால் மாணவர்க்கு இம்மாற்றம் தெரியாது. திருத்திய தாள்களை இருவரும் ஒரே நாளில் திருப்பித் தந்தனர். ஆயினும், 'காலந்தாழ்த்தாமல் தருகிறாரா' என்ற வினாவுக்கு, ஆண் என்று நம்பப்பட்டவருக்கு ஐந்துக்கு 4.35ம், பெண் என்று நம்பப்பட்டவருக்கு 3.55ம் கிடைத்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விடையிலேயே இத்தனை வேறுபாடு! சிறிய ஆய்வுதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2015ஆம் ஆண்டு பென் ஷ்மிட் என்ற பேராசிரியர், நாம் முன்னர்க் குறிப்பிட்ட அமெரிக்கத் தளத்தின் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் கருத்துரைகளைக் கணினி கொண்டு அலசினார். 'மேதை' என்ற சொல் ஆண்களுக்கே அதிகம் வழங்கப்பட்டிருந்தது. 'அதிகாரம் செய்பவர்' என்ற பொருளுடைய சொல் பெண்களுக்கே அதிகம் சூட்டப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் 2018ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில், அன்று ரயர்சன் என்று பெயர்பெற்றிருந்த பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் நடுவராக இருந்த வில்லியம் கப்லன், ஆசிரியரின் பதவி உயர்வுக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் கற்பிக்கும் திறனை அளக்க மாணவர் கருத்துப் படிவத்தின் சராசரி எண்ணைப் பயன்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தார். மாணவரின் அனுபவத்தைச் சொல்ல மாணவரே தகுதியானவர். ஆசிரியரின் புலமையை அளக்க அப்படிவம் போதாது என்ற வேறுபாட்டை அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

பதில் சொல்ல முடியாதவர்

திறந்த தளத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் சினந்தவருமே வலிய வந்து எழுதுவர். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் மௌனமாக இருந்துவிடும். அறுபது பேர் பயின்ற வகுப்பில் நால்வர் எழுதினால், படிப்பவர் அதனை வகுப்பின் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வர்.

ஆசிரியர் பதிலளிக்கலாமே என்பீர்கள். அமெரிக்காவில் மாணவரின் கல்விப் பதிவுகளை வெளியிடுவதைத் தடைசெய்யும் சட்டம் 1974 முதல் உள்ளது. 'பார்த்து எழுதியதற்காக இம்மாணவருக்கு மதிப்பெண் குறைத்தேன்' என்ற உண்மையைக்கூட அவ்வாசிரியர் பொதுவெளியில் சொல்ல இயலாது. சட்டம் இல்லாத இடத்திலும், தம் மாணவனோடு தெருவில் நின்று வாதிட மானமுள்ள எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார். எழுதியவர் திரைக்குப் பின்னே. எழுதப்பட்டவர் வெளிச்சத்தில், வாய் கட்டப்பட்டு!

நம் நாட்டுக் கல்லூரிகளிலும் இணையவழிக் கருத்துக் கேட்பு வந்துவிட்டது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான 'நாக்', 2017ஆம் ஆண்டில் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தியபோது, மாணவர் மனநிறைவை இணையம் வழியே கேட்டறியும் பகுதியைச் சேர்த்தது. மாணவரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வரவேற்கத்தக்கதே. கேட்கும் முறையில்தான் கவனம் தேவை. பதிவெண்ணைத் தட்டி உள்ளே நுழைந்து நிரப்பும் படிவத்தை, 'பெயர் தெரியாது, அஞ்சாமல் எழுதுங்கள்' என்று கல்லூரி நிர்வாகம் கூறினால், எந்த மாணவன் நம்புவான்? அவன் எல்லா வினாவுக்கும் 'மிக நன்று' என்று அடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். உண்மையை எழுத வேண்டுமானால், யாரும் தன்னைக் கண்டுபிடிக்க முடியாத திறந்த தளத்தைத் தேடிப் போவான். உள்ளே நம்பிக்கை இல்லாத இடத்தில்தான் வெளியே சந்தை கூடுகிறது.

கதவு மூடியிருந்தால்?

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம், சென்னையிலுள்ள ஒரு பள்ளியின் ஆசிரியர் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக மாணவியரும் முன்னாள் மாணவியரும் கூறிய புகார்கள் சமூக ஊடகத்தில் வெளியாயின. அதன்பின் அவர் போக்சோ சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். தொடர்ந்து வேறு பள்ளிகளைப் பற்றியும் புகார்கள் வெளிவந்தன. அப்பெண்பிள்ளைகளிடம் போய், 'ஆசிரியரின் பெயரைச் சந்திக்கு இழுக்கலாமா?' என்று கேட்க நமக்கு என்ன தகுதி உண்டு? கதவைத் தட்டியும் திறக்காதபோது கூரையேறிக் கூவியவர்கள் அவர்கள்.

ஆனால் இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம், எல்லாக் குறைகளையும் கூரையேறிக் கூவ வேண்டும் என்பதன்று. 'பாடம் விளங்கவில்லை' என்பது கருத்து. 'என்னிடம் தவறாக நடந்தார்' என்பது புகார். கருத்து ஆசிரியர் திருந்துவதற்காகச் சொல்லப்படுவது. புகார் விசாரணைக்காகச் சொல்லப்படுவது. இவ்விரண்டையும் ஒரே நட்சத்திரப் பட்டியலில் கலந்துவிட்டால், கணக்குப் பாடம் கடினம் என்ற முணுமுணுப்பும், ஒரு பெண்ணின் கண்ணீரும் ஒரே எடையைப் பெற்றுவிடும். அது இரண்டுக்கும் அநீதி.

புகாருக்கு இன்று சட்டத்தின் துணை இருக்கிறது. சிறார்க்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், 1098 என்ற உதவி எண்ணும் உள்ளன. உயர்கல்வி நிலையங்களில் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் கூறுகின்றன. பிற குறைகளுக்கு மாணவர் குறைதீர் குழு வேண்டும் என்று அதே அமைப்பின் 2023ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. உங்கள் பிள்ளை பயிலும் கல்லூரியில் அக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? சேர்க்கை நாளன்று கட்டணத்தைப் பற்றி விசாரிக்கும் நாம், இதையும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தால் என்ன?

மறைவு வேறு, அம்பலம் வேறு

முன்னர் நிறுத்திவைத்த கேள்விக்கு இப்போது வருவோம். 'முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததை முதுகுக்குப் பின்னே சொல்லாதே' என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் அகமதிப்பெண் ஆசிரியரின் கையில் இருக்கும்வரை, முகத்துக்கு நேரே உண்மை பேசு என்று மாணவனிடம் கேட்பது அவனைப் பலியிடுவதாகும். ஆகவே மாணவனின் பெயர் மறைந்திருப்பது நியாயமே. எளியவனுக்கு அது கேடயம்.

ஆனால் மாணவனின் பெயரை மறைப்பது ஒன்று. ஆசிரியரின் பெயரை அம்பலத்தில் ஏற்றுவது மற்றொன்று. திறந்த தளங்கள் இவ்விரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டி நம் கையில் தருகின்றன. நாமும் இரண்டும் ஒன்றே என்று மயங்கிவிடுகிறோம். முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். மாணவனுக்குக் கேடயம் தருவோம். அவன் சொல்லை ஆசிரியரிடம் கொண்டு சேர்ப்போம். ஊருக்கு அதில் வேலையில்லை. ஜெர்மானிய நீதிபதியின் கவலையும் தீர்ந்தது. பிரெஞ்சு நீதிபதியின் கவலையும் தீர்ந்தது.

இது வெறும் ஆசையன்று, நடைமுறையில் உள்ளதே. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு முறை உண்டு. பருவத்தின் நடுவில் ஒருநாள் ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே சென்றுவிடுவார். அவ்வகுப்போடு தொடர்பில்லாத ஒருவர் உள்ளே வருவார். மாணவரைச் சிறு சிறு குழுக்களாக அமரச் செய்து, 'கற்பதற்கு எது உதவுகிறது? எது தடையாக உள்ளது? எதை மாற்றலாம்?' என்று கேட்பார். பலரும் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் தொகுத்து, யார் சொன்னது என்ற குறிப்பின்றி ஆசிரியரிடம் தனியே கூறுவார். இதைவிட எளிய வழியும் உண்டு. வகுப்பு முடியும்போது ஒரு துண்டுத்தாளில், 'இன்று கற்றவற்றுள் முக்கியமானது எது? இன்னும் விளங்காதது எது?' என்ற இரு வினாக்களுக்குப் பெயரில்லாமல் விடை வாங்கிக்கொள்வது. தாமஸ் ஆஞ்சலோ, பட்ரீஷியா கிராஸ் ஆகிய இரு கல்வியாளர்கள் 1993இல் விரிவாக்கி வெளியிட்ட தம் நூலின் வழியே பரப்பிய முறை இது. பெட்டிக்கடைத் தாளும் பென்சிலும் போதும், இணையம்கூட வேண்டியதில்லை.

இம்முறைகளின் சிறப்பு காலத்தில் இருக்கிறது. பருவம் முடிந்தபின் வரும் மதிப்பெண், எழுதிய மாணவனுக்குப் பயன்படாது. அவன் வகுப்பைக் கடந்துவிட்டான். நடுவில் வரும் சொல்லோ, அவன் எஞ்சிய பாடத்தைக் கற்பதற்குள் நிலைமையை மாற்றக்கூடும்.

ஒவ்வொருவரும் செய்யக்கூடியது

மாணவச் செல்வங்களே! எழுதுவதற்கு முன் உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதை நானே கண்டேனா, பிறர் சொல்லக் கேட்டேனா? இது ஆசிரியரால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றா? இதைப் படிக்க வேண்டியவர் யார்? 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'மூன்றாம் பாடத்தில் சூத்திரத்தை விளக்காமலே கணக்குக்குப் போய்விட்டார். எங்களால் தொடர முடியவில்லை' என்று எழுதினால், மறுநாளே அதற்குப் பரிகாரம் கிடைக்கலாம். ஆசிரியரின் குரல், உடை, தோற்றம், ஊர், மொழிநடை ஆகியவை உங்கள் மதிப்பெண்ணுக்கு உரியவை அல்ல.

ஆசிரியப் பெருமக்களே! நாற்பது தாள்களில் ஒரே ஒரு தாள் சுடுசொல்லால் எழுதப்பட்டிருக்கும். இரவெல்லாம் உறக்கத்தைக் கெடுப்பது அதுவே. அதனை ஒதுக்கிவிட்டு, பலர் திரும்பத் திரும்பச் சொன்னது எது என்று பாருங்கள். பிறகு வகுப்பில், 'நீங்கள் கூறியவற்றுள் இதை மாற்றிக்கொள்கிறேன்; இதை மாற்ற இயலாது, காரணம் இது' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தம் சொல் கேட்கப்படுகிறது என்று அறிந்த மாணவர்க்குத் தெருவில் போய்ப் பேச வேண்டிய தேவை குறையும்.

பள்ளி, கல்லூரி நிர்வாகத்தில் இருக்கும் நம் சமுதாயப் பெரியோர்களே! படிவத்தில் வந்த சராசரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியையின் வேலையைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். அவ்வெண் எத்தனை வழிகளில் கோணலாகக்கூடும் என்பதை மேலே கண்டோம். மூத்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து பார்க்கட்டும். வினாத்தாளையும் பாடக்குறிப்பையும் பார்க்கட்டும். மாணவர் சொல்லையும் கேட்கட்டும். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். படிவத்தை நிரப்பும்போது அந்த ஆசிரியர் அவ்வறையில் நிற்கலாகாது என்ற சிறு விதியையாவது இன்றே செய்யுங்கள்.

பெற்றோர்களே! இரவுச் சாப்பாட்டின்போது உங்கள் பிள்ளை ஓர் ஆசிரியரைப் பற்றிக் குறை கூறினால், 'ஆசிரியரைப் பற்றி அப்படிப் பேசாதே' என்று வாயை அடைக்காதீர்கள். உம்மாவும் வாப்பாவும் கேட்காவிட்டால், அவன் கைப்பேசி கேட்கும். 'நானும் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன்' என்று எண்ணெய் ஊற்றவும் செய்யாதீர்கள். என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது, மற்ற பிள்ளைகளுக்கும் அப்படியா என்று பொறுமையாகக் கேளுங்கள். கருத்தாக இருந்தால், பெயரிடாமல் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடமோ துறைத் தலைவரிடமோ சேர்க்கச் சொல்லுங்கள். புகாராக இருந்தால், பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நீங்களே அவனோடு, அவளோடு சென்று குழுவின் முன் நில்லுங்கள். எது கருத்து, எது புகார் என்று பிரித்தறியக் கற்ற பிள்ளை, நாளை ஓர் அலுவலகத்திலோ ஜமாஅத்திலோ பொறுப்பேற்கும்போதும் பிறரை நியாயமாக எடைபோடுவான். அந்தப் பயிற்சியை இந்த வாரமே நம் சாப்பாட்டுப் பாயில் தொடங்கலாம்.